வளாகத்தில் உலக சினிமா திரையிட வழிகாட்டுங்கள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளைப் பயிலும் மாணவர்கள் இணைந்து, அடுத்த பருவத்தில் மாதம் ஓர் உலக சினிமாவைத் திரையிட்டு, தொடர்ந்து கலந்துரையாடலும் நடத்த விரும்புகிறோம். வகுப்பறையில் இலக்கணமாக மட்டுமே அறிமுகமாகும் ஒரு மொழி, திரையில் கோபமாகவும் தயக்கமாகவும் பேச்சுவழக்காகவும் ஒலிப்பதைக் கேட்பது மாணவர்களுக்குப் பெரும் பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறோம்.

சொந்தமாக வாங்கிய டிவிடியோ இணையச் சந்தாவோ பொதுவாக வீட்டில் பார்ப்பதற்கான உரிமையை மட்டுமே தருகிறது. கட்டணம் வாங்காவிட்டாலும், அரங்கில் பலர் முன் திரையிடப் பெரும்பாலும் உரிமையாளரின் தனி அனுமதி தேவைப்படுகிறது. ஆகவே, திரையிடல்களுக்குத் துணைநிற்கும் மொழி, பண்பாட்டு அமைப்புகளான அலையான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சு), கெதே நிறுவனம் (ஜெர்மன்), 1972இல் தொடங்கப்பட்ட ஜப்பான் பவுண்டேஷன் ஆகியவற்றை அணுக எண்ணியுள்ளோம். இவற்றுடன் பணியாற்றியவர்கள், எவ்வளவு காலம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன விவரங்களைக் கேட்பார்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது சப்டைட்டில்தான். ஒரு சில நொடிகளே திரையில் தங்கும் இரண்டு வரிகளுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்குவது எளிதன்று. பார்வையாளரின் கண் முழுநேரமும் எழுத்திலேயே நின்றுவிட்டால் நடிப்பும் ஒளிப்பதிவும் தவறிப்போகும். தமிழ் சப்டைட்டில் தயாரித்த அனுபவமுள்ளவர்கள், எந்த மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள், உரையாடலை எந்த அளவுக்குச் சுருக்கினீர்கள் என்பதை இங்கே பகிருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.