பள்ளிச் செய்திமடலில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள்: சாதனைப் பக்கத்தை எப்படி அமைக்கலாம்?

கேள்வி: செய்திமடல் பொறுப்பாசிரியை

வணக்கம். நகரத்தின் நடுவே, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாதாந்தரச் செய்திமடலும் நுழைவாயில் அறிவிப்புப் பலகையும் என் பொறுப்பில் உள்ளன. 'மாணவர் சாதனைகள்' பக்கத்தைத் தொகுக்க உட்காரும்போதெல்லாம் ஒரே சிக்கல் எழுகிறது. விவாதப் போட்டியில் வென்றவரே வினாடி வினாவிலும் வெல்கிறார். அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வானவரே மாணவர் மன்றத் தலைவராகவும் இருக்கிறார். இப்போது பலகையில் இருக்கும் படங்களில் ஒரே மாணவியின் முகம் நான்கு இடங்களில், நான்கு வேறு கோப்பைகளுடன் காணப்படுகிறது. அதைக் கடந்து போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தங்களைப் பற்றி அதில் எதுவும் இராது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

இன்னொரு பக்கம், பள்ளியில் கூடி வாழும் வாழ்க்கை மெலிந்துகொண்டே போகிறது. மாணவர்கள் நகரின் பல மூலைகளிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் வருகிறார்கள். கடைசி மணி அடித்த சிறிது நேரத்தில் வளாகம் காலியாகிவிடுகிறது. வீட்டு மொழிகள் பலவாக இருப்பதால் பெற்றோர் கூட்டங்களுக்கு வருபவர்களும் குறிப்பிட்ட சிலரே. ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. பரிசுப் பிரிவுகளைப் பெருக்கி எல்லோருக்கும் ஏதேனும் ஒரு சான்றிதழ் கிடைக்கச் செய்யலாம் என்பது ஒன்று; தனிநபர் சாதனைகளை அடியோடு விட்டுவிட்டுப் பொது நிகழ்ச்சிகளை மட்டும் வெளியிடலாம் என்பது மற்றொன்று. வெற்றுச் சான்றிதழைப் பதின்ம வயதினர் உடனே இனம் கண்டுகொள்வார்கள் என்பதால் முதலாவது எடுபடாது; இரண்டாவது, உழைத்து வென்றவர்களுக்குச் செய்யும் அநீதி. வேறு வழி கண்டவர்கள் இருந்தால் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் மடலில் தெரியும் குறைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி நடப்பதற்கு எத்தனை மாணவர்களின் கை தேவைப்படுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். சில பத்து மாணவர்களே படித்த சிற்றூர்ப் பள்ளியும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் படித்த நகரப் பள்ளியும் அந்த ஆய்வில் இருந்தன. மாணவர் தொகை பெருகும் அளவுக்கு நாடகம், இசைக்குழு, விளையாட்டு அணி, பள்ளி இதழ் போன்ற செயல்களங்கள் பெருகுவதில்லை என்பது அவர்கள் கண்ட முதன்மையான செய்தி. சிறிய பள்ளியில் நாடகம் அரங்கேற வேண்டுமானால் ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்றே தீர வேண்டும்; நடிக்க வராதவரைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். பெரிய பள்ளியில் ஒவ்வோர் இடத்துக்கும் பலர் வரிசையில் நிற்பதால் தேர்ந்தவர்கள் மேடையேற, மற்றவர்கள் பார்வையாளர்களாக அமர்ந்துவிடுகிறார்கள். படிப்பில் பின்தங்கியவர்களிடம் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிந்தது. சிறிய பள்ளியில் அவர்களும், தாம் வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற பொறுப்புணர்வை மற்றவர்களுக்கு இணையாகப் பெற்றிருந்தார்கள். பெரிய பள்ளியில் அவர்கள் ஓரத்திலேயே நின்றார்கள்.

ஆகவே, பரிசுகளைப் பெருக்குவதற்கு முன் இடங்களைப் பெருக்குங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய நாடகம் என்பதை மாற்றி, வகுப்புப் பிரிவுக்கு ஒரு சிறு நாடகம் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் உடை தைக்க, ஒளியமைக்க, வசனம் எடுத்துக்கொடுக்க, சுவரொட்டி வரைய ஆட்கள் வேண்டியிருக்கும். ஒரு மாணவர் ஒரே சமயத்தில் ஒரு தலைமைப் பொறுப்பை மட்டுமே வகிக்கலாம் என்ற விதியும் உதவும்.

சான்றிதழ் வெற்றாகாமல் இருக்க ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1959இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் முதல் மூன்று பேரோடு பரிசு நின்றுவிடுவதில்லை. பங்கேற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதக்கம் கிடைக்கிறது. தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்ற விகிதத்தை ஒட்டி வழங்கப்படுகின்றன. பதக்கம் பெறாதவரும், ஆறு கணக்குகளில் ஒன்றையேனும் குறையின்றித் தீர்த்து அதற்குரிய ஏழு புள்ளிகளையும் பெற்றிருந்தால், சிறப்புச் சான்றிதழ் பெறுகிறார். அந்தத் தாளுக்குப் பின்னால் முழுமையான ஒரு தீர்வு இருப்பதால் யாரும் அதை இரக்கப் பரிசாக எண்ணுவதில்லை.

மறுமொழி: நீச்சல் வீராங்கனையின் தந்தை

ஐயா அவர்களின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் வென்றவர்களைச் சுருக்கித்தான் மற்றவர்களுக்கு இடம் தர வேண்டும் என்ற எண்ணம் எங்கும் நுழைந்துவிடக் கூடாது. என் மகள் விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்குப் போகிறாள். பள்ளி மடலில் அவளைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி: நீச்சலில் மூன்றாம் இடம். அதைப் படித்து இன்னொரு பிள்ளை எதைத் தெரிந்துகொள்ளும்?

நடந்தது என்னவென்றால், சுவரைத் தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விட்டு மேலே வரும்போது வேகத்தை இழந்துகொண்டிருந்தாள். கீழ்வகுப்பு மாணவர் ஒருவர் குளக்கரையில் குந்தி அமர்ந்து, பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான், உந்தும்போது கால்கள் சுவரில் எந்த உயரத்தில் பட வேண்டும் என்பது அவளுக்குப் புலப்பட்டது. இவ்வளவையும் எழுதினால் சாதனைச் செய்தியிலேயே இரண்டாவது பெயர் ஒன்று இயல்பாக வந்து சேர்ந்துவிடுகிறது. யாருடைய வெற்றியையும் நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை. முடிவை மட்டும் அச்சிடும் பக்கம் சலிப்பூட்டுவதற்கு, வென்றவர்கள் என்ன செய்ய முடியும்?

தலைமைப் பொறுப்புக்கு வரம்பு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது பள்ளியின் வேலையாகாது.

மறுமொழி: மேடை விளக்குக் குழு, முன்னாள் மாணவர்

இத்தகைய ஒரு பெரிய பள்ளியில்தான் நானும் படித்தேன். விளக்குக் குழுவில் எங்கள் பெயர் எந்த மடலிலும் வந்ததில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாடகத்தின் நடுவே மின்விளக்கு ஒன்று அணைந்தபோது, பக்கத்து விளக்கைக் கையுறையோடு பிடித்துத் திருப்பி, நடிகையின் முகத்தில் ஒளி விழும்படி காட்சி முடியும்வரை தாங்கி நின்ற தோழனை எங்கள் குழு இன்றும் பேசுகிறது. பார்வையாளர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பொறுப்பாசிரியை அவர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு மாணவ நிருபரை மேடைக்குப் பின்னால் அனுப்பினால், இத்தகைய செய்திகள் தாமாகவே கிடைக்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். கடைசி மணிக்குப் பிறகு நடக்கும் எந்தச் செயலும், தொலைவிலிருந்து வருபவர்களையும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களையும் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பேருந்து நேரத்தைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையை மன்றங்களுக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்குவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. ஐயா சொல்லும் இடங்களை எத்தனை உருவாக்கினாலும், அவை மணி அடித்த பிறகு திறந்தால் பழைய பெயர்களே அவற்றையும் நிரப்பும்.

பெற்றோர் கூட்டம் பற்றியும் ஒன்று. பல மொழி அறிந்த மாணவர்கள் வரவேற்பு மேசையில் அமர்ந்து, வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் நிகழ்ச்சி நிரலை விளக்கலாம். அதுவும் மடலில் எழுதத்தக்க சாதனையே. ஒரு மாணவரின் மதிப்பெண்ணையோ ஒழுங்குப் பிரச்சினையையோ இன்னொரு மாணவரை வைத்து மொழிபெயர்க்கச் செய்வது மட்டும் கூடவே கூடாது. அதற்குப் பெரியவர்கள் வேண்டும்.

மறுமொழி: பள்ளி உளவியல் ஆலோசகர்

சான்றிதழ்களைப் பெருக்கும் யோசனையைக் கைவிடுவதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. கார்லி ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும், கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 15,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2021இல் வெளியாயின. குறிப்பிட்ட மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் விருது உண்டு என்று முன்னதாக அறிவித்தது வருகையை உயர்த்தவில்லை. முன்னர் ஏதேனும் ஒரு மாதம் முழுவதும் வந்திருந்தவர்களுக்கு எதிர்பாராத வகையில் விருது கொடுத்தபோது, அடுத்து வந்த மாதத்தில் அவர்களின் வருகை குறைந்தது. 'உன் நண்பர்களைவிட அதிகமாகவே வந்துவிட்டாய், பள்ளி இவ்வளவை எதிர்பார்க்கவில்லை' என்ற மறைமுகச் செய்தி அந்த விருதில் அடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆக, பாராட்டு என்பது எப்போதும் ஊக்கமாகவே போய்ச் சேரும் என்று நம்பிவிட முடியாது.

நீச்சல் வீராங்கனையின் தந்தை சொல்வதை நான் வேறொரு காரணத்துக்காக ஆதரிக்கிறேன். திறமையில் சமமான இரு மாணவர்களில், சிறந்தவர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தம் கல்வித் திறனைப் பற்றிக் குறைவாக எண்ணிக்கொள்கிறார் என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலிருந்தே ஆய்வுகளால் காட்டிவந்திருக்கிறார். ஒப்பீடுதான் இதன் அடிப்படை. தரவரிசை மட்டும் அச்சாகும் பக்கம் ஒப்பீட்டைக் கூர்மையாக்கும். வேலை எப்படி நடந்தது என்று விவரிக்கும் பக்கம் அதை ஓரளவு தணிக்கும் என்பது என் அனுபவம்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: அச்சிட்ட மடலுக்குத் தந்த ஒப்புதல் இணையத்தில் வெளியிடுவதற்கும் பொருந்தும் என்று கருதிவிடாதீர்கள். மாணவரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே கேளுங்கள். குடும்பச் சூழல் காரணமாகப் படமோ முழுப்பெயரோ வெளிவரக் கூடாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதைத் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு சாதனைச் செய்தியையும் மாணவ நிருபர் ஒருவர் நேரில் கேட்டு எழுதுவார். வேலை எந்த இடத்தில் தடைப்பட்டது, யார் உதவினார்கள் என்ற இரண்டும் அதில் கட்டாயம் இடம்பெறும். நிருபர் பணியே புதிய இடங்களை உருவாக்கும் என்பதால், ஒருவர் ஒரு பருவத்துக்கு மேல் அதில் தொடர மாட்டார். ஒப்புதல் படிவத்தை அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனியாகப் பிரிக்கிறோம். கால அட்டவணை மாற்றம் என் கையில் இல்லை. முன்னாள் மாணவர் எழுதியதை அப்படியே எடுத்துச் சென்று தலைமையாசிரியரிடம் கொடுக்கப் போகிறேன். தலைமைப் பொறுப்பு வரம்பு பற்றி மட்டும் இன்னும் ஐயம் இருக்கிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தந்தையார் கேட்டது நியாயமான கேள்வி. வரம்பு தலைமைப் பதவிக்கு மட்டுமே. எத்தனை மன்றங்களில் வேண்டுமானாலும் ஒருவர் உறுப்பினராக இருக்கலாம், எத்தனை போட்டிகளிலும் கலந்துகொள்ளலாம். ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களிடமிருந்து பறிக்காமல், அடுத்த கல்வியாண்டின் தேர்தல் அறிவிப்பிலேயே விதியைச் சேர்த்துவிட்டால் மனக்கசப்பு இராது. துணைத் தலைவர் பதவிக்குக் கீழ்வகுப்பு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் அப்போதே கொண்டுவாருங்கள்.

மறுமொழி: நீச்சல் வீராங்கனையின் தந்தை

பதவிக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை, ஐயா.