புது ஹன்டருக்கு 40,000 ரூபாய்க்கு எக்ஸ்ட்ரா சாமான்: போடலாமா, வேண்டாமா?

அரியாங்குப்பத்தான்:
ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 பைக் எடுத்து பதினெட்டு நாள் ஆகிறது. மணக்குள விநாயகர் கோவில் வாசலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய கறைகூட டயரில் இன்னும் போகவில்லை. வேலை கடலூர் சிப்காட்டில். தவளக்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி தினமும் போய்த் திரும்புகிறேன். முதல் சர்வீஸ் முடிந்தது. கையில் போனஸ் 40,000 இருக்கிறது. ஆசைப்பட்டியல் இது: வேறு சைலன்சர், பார் எண்ட் மிரர் (ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் கண்ணாடி), பின் மட்கார்டையும் சாரி கார்டையும் கழற்றிவிட்டு டெயில் டைடி (நம்பர் பிளேட்டைத் தாங்கும் சின்ன பின் தாங்கி), ஒரு ஜோடி ஃபாக் லைட், லெக் கார்டு, பின்னால் 150 டயர். எதிலிருந்து ஆரம்பிப்பது? வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக்:
பதினெட்டு நாளில் வண்டியின் குணமே பிடிபடாது தம்பி. எது இடிக்கிறது, எது வலிக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றப் போகிறீர்கள்? ஒரு மழைக்காலம் ஓட்டுங்கள். அப்புறம் பட்டியல் பாதியாகச் சுருங்கும். சைலன்சரைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். 175 சிசிக்கு மேல் உள்ள இருசக்கர வண்டிக்கு 80 டெசிபல்தான் வரம்பு, வண்டி கம்பெனியை விட்டு வரும்போதே அதற்குள் இருக்க வேண்டும். வெளியில் விற்கும் குழாய் அதை எங்கே மதிக்கப் போகிறது?

நேரு வீதி நைட் ரைடர்:
வந்துவிட்டார் பெரியவர்! அண்ணே, கம்பெனி ஷெட்டில் ஒரே நிறத்தில் பத்து வண்டி நிற்கும். ஷிப்ட் முடிந்து வந்து எது நம்முடையது என்று நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்க்கவா இவர் இவ்வளவு பணம் கொடுத்தார்? சைலன்சர் மாற்றிய வண்டி ஈசிஆர் முழுக்க ஓடுகிறது. பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய டூ ஸ்ட்ரோக்:
பார்த்துக்கொள்ளலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். சத்தம், புகை என்றால் தனிப்பிரிவு: 10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் கிடையாது. இவர் தினமும் இரண்டு தடவை முள்ளோடை தாண்டுகிறவர். இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ். ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிப்பார்.

நேரு வீதி நைட் ரைடர்:
சட்டம் ஆர்சியில் எழுதியிருப்பதை மாற்றக்கூடாது என்கிறது. கண்ணாடியும் சீட் கவரும் ஆர்சியில் எங்கே இருக்கின்றன? கம்பெனியே அக்சஸரி பட்டியல் போட்டு விற்கிறதே. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'குற்றம்' என்று லேபிள் ஒட்டாதீர்கள். என் முதுகுவலி ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தியதும்தான் போனது. கம்பெனி சராசரி உடம்புக்குச் செய்கிறது, என் உடம்புக்கு அல்ல.

பழைய டூ ஸ்ட்ரோக்:
ஹேண்டில்பார் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். வலி வந்தது, காரணம் தெரிந்தது, மாற்றினீர்கள். நான் சொன்னதும் அதுதானே?

உப்புக்காற்று மெக்கானிக்:
சட்டத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் கையில் கறையானதை மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் வண்டியைத் தின்பது கடல்.

ஃபாக் லைட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று 20 வாட் என்றால் ஜோடிக்கு 40 வாட், 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கடைப் பையன் ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிடுவான். அன்று நன்றாகத்தான் எரியும். டேப்புக்குள் ஈரமும் உப்பும் போய் ஆறே மாதத்தில் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். முதலில் வெளிச்சம் மங்கும், பிறகு ஃபியூஸ் போகும். அதன் பிறகு வயரிங் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். வயர் வெட்டிய வண்டிக்கு எலக்ட்ரிகல் வாரண்டி கேட்டுப் போனால் ஷோரூமில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். போடத்தான் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து தனி வயர், அதில் ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச்). ஹேண்டிலில் இருக்கும் ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். ஜாயின்ட்டில் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை. இது முடியாது என்கிற கடையில் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

இன்னொன்று போல்ட். பளபளப்புக்காக எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றுகிறார்கள். அலுமினிய இன்ஜினுக்குள் ஸ்டீல் போல்ட் இருந்து நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால், முதலில் அரிப்பது அலுமினியம்தான். இரண்டு வருடம் கழித்துக் கழற்றினால் போல்ட்டோடு மரையும் சேர்ந்து வரும். ஐம்பது ரூபாய் போல்ட்டுக்காக இன்ஜின் கவரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும், அலுமினியத்துக்கு ஏற்ற கிரீஸ் தடவாமல் எதையும் ஏற்றாதீர்கள். குரோம் லெக் கார்டும் வேண்டாம், நல்ல பவுடர் கோட்டிங் தாங்கும். இன்ஜின் மவுன்ட்டில் பிடிக்கிற லெக் கார்டுதானா என்றும் பாருங்கள்.

அரியாங்குப்பத்தான்:
நன்றி அண்ணே. அப்போ 150 டயர்?

உப்புக்காற்று மெக்கானிக்:
உங்கள் பின் டயர் 140/70-17: அகலம் 140 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 இன்ச். அதன் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர். 150/60 போட்டால் 90, 150/70 என்றால் 105. முதலாவதில் பின்பக்கம் தாழும், இரண்டாவதில் தூக்கும். இரண்டிலும் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் மாறும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சக்கர வேகத்தைப் பார்த்து வேலை செய்வது, அதன் கணக்கு இந்த டயர் அளவுக்குப் போட்டது. ரிம்மை மாற்றாமல் அகல டயரை இறுக்கினால் நடுப்பகுதி குவிந்து நிற்கும், திருப்பத்தில் சரியாக உட்காராது. பார்க்கத்தான் தடி.

மஞ்சக்குப்பத்து மருமகள்:
இவ்வளவு பேசினீர்கள், பட்டியலில் மூன்றாவதாக இருப்பதை ஒருவரும் தொடவில்லை. சாரி கார்டு.

தம்பி, என் வீட்டுக்காரரும் இதைத்தான் செய்தார். பின் மட்கார்டு அசிங்கமாக இருக்கிறது, சாரி கார்டு கிழவன் வண்டி மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் பரணில் போட்டார். ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு ரெட்டிச்சாவடி பக்கம் திரும்பி வருகிறோம். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில்தான் செருகியிருந்தேன், காற்றில் எப்போது நழுவியது என்று தெரியவில்லை. சக்கரம் இழுத்தபோது யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல் இருந்தது. வண்டி மெதுவாகப் போனதால் முழங்கை எலும்போடு போயிற்று. மூன்று மாதம் இடது கையால் குழம்பு கிளறினேன்.

பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்கார்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பிறகு அதை எனக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான். உங்கள் பின் சீட்டில் அம்மா உட்காருவார்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நேரு வீதி நைட் ரைடர்:
அக்கா, இதற்கு நான் வாதாட மாட்டேன். தனியாக ஓட்டுகிறவன் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மஞ்சக்குப்பத்து மருமகள்:
தனியாக ஓட்டுகிறவன் என்று யாரும் பிறக்கவில்லை. மழையில் நிற்கிற ஒருத்திக்கு லிப்ட் கொடுப்பீர்கள், அவள் துப்பட்டா போட்டிருப்பாள்.

பழைய டூ ஸ்ட்ரோக்:
டெயில் டைடியோடு நம்பர் பிளேட்டும் மேலே மடங்கி ஏறும், அது வேறு வம்பு. இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். மாட்டியதைச் சொல்லாமல் விட்டு, பிறகு கிளைம் போய் நின்றால் அந்த மாற்றத்தைக் காட்டியே இழுத்தடிப்பார்கள்.

நேரு வீதி நைட் ரைடர்:
சரி, ஆனால் லைட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவுக்கு அடுத்த சில நாட்கள் ஈசிஆரில் தெருவிளக்கே இல்லை, எதிரே லாரி. ஹெட்லைட் மட்டும் இருந்தவர்களைக் கேளுங்கள். ஆடம்பரம் என்று ஒதுக்குகிற எல்லாமே ஆடம்பரம் கிடையாது.

பழைய டூ ஸ்ட்ரோக்:
அன்றைக்கு வெளியே போனதே தப்பு.

நேரு வீதி நைட் ரைடர்:
ஆஸ்பத்திரி ட்யூட்டி அண்ணே. லீவு கிடையாது.

பழைய டூ ஸ்ட்ரோக்:
அப்படியானால் மன்னிக்கவும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி கீழே சாய்த்து வையுங்கள்.

அரியாங்குப்பத்தான்:
முடிவு சொல்கிறேன். சாரி கார்டும் மட்கார்டும் அப்படியே இருக்கும், அம்மா ஞாயிறுதோறும் பின்னால் உட்கார்ந்துதான் சண்டே மார்க்கெட் வருகிறார்கள். டயர் வேண்டாம். ஃபாக் லைட் ரிலேயோடு, லெக் கார்டு பவுடர் கோட்டிங்கில். கண்ணாடி மட்டும் யோசிக்கிறேன், பழைய கண்ணாடியில் முழங்கை மறைக்கிறது.

ஒரு விஷயம் மறைத்துவிட்டேன். சைலன்சர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இந்தக் கேள்வியைப் போடுவதற்கு நான்கு நாள் முன்பே. பரணில் பெட்டியோடு இருக்கிறது. யாராவது "போடு" என்று சொல்வார்கள் என்றுதான் கேட்டேன்.

பழைய டூ ஸ்ட்ரோக்:
அட பாவி!

நேரு வீதி நைட் ரைடர்:
பாதி விலைக்கு எனக்குக் கொடுங்கள் ப்ரோ.

உப்புக்காற்று மெக்கானிக்:
விற்கும்வரை அதன் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். பரணுக்கும் உப்பு வரும்.