செலொப்பியாத்தின் மகள்களைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள்

தையல்காரி (கேள்வி)

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நாற்பது குடும்பம் கூடுகிற சின்ன சபை. என் வீட்டுக்காரர் முழுநேர ஊழியர் இல்லை. சீசனில் மாங்கூழ் ஆலை வேலை, மற்ற நாளில் பெயின்ட் அடிப்பார். பாஸ்டர் ஐயா மாதம் இரண்டு ஞாயிறு வேறு ஊருக்குப் போய்விடுவதால் அந்த இரண்டு வாரமும் இவர்தான் செய்தி கொடுப்பார். அதற்குச் சம்பளம் கிடையாது.

வேதத்தில் எண்ணாகமம் என்ற புத்தகத்தை வரிசையாகப் பேசிக்கொண்டு வந்தார். ஜூனில் 27-ஆம் அதிகாரம் வந்தது. செலொப்பியாத் என்பவரின் மகள்கள் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து பெண்கள் மோசேக்கு முன்னால் போய் நின்று, அப்பா நிலத்தில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்கிற இடம். அவர்கள் கேட்டது சரிதான் என்று கர்த்தரே சொல்கிறார். இவர் அதை வாசித்து விளக்கினார். வேதத்தில் 'சுதந்தரம்' என்று வருவதற்கு இந்த இடத்தில் சொத்துப் பங்கு என்று அர்த்தம், ஆகஸ்ட் 15 இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார். கடைசியில் ஒரு வார்த்தை: "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அக்காமார் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்."

ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ரோடு வேலை வந்த பிறகு எங்கள் பக்கம் மாந்தோப்பு விலை எங்கேயோ போய்விட்டது. எங்கள் மூப்பர் போன தை மாதம்தான் கூடப்பிறந்த மூன்று பெண்களிடமும், சொத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். அதில் ஒருவர் அன்றைக்குப் பாயில் எனக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். இவருக்கு அந்தப் பத்திரம் பற்றி நிஜமாகவே தெரியாது. ஆனால் யார் நம்புவார்கள்?

நாங்கள் குடியிருப்பது மூப்பர் வீட்டு லைனில். ஆடிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் வீட்டில் தைக்கிறேன். சபைப் பெண்கள் கொடுத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் பிளவுஸ் பிட்டோடு அளவு பிளவுஸையும் கேட்டார். சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தேன், கத்தரி வைக்கவில்லை. அந்தக் கோட்டைத் தட்டித் துடைத்து மடித்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கமிட்டியில் சொல்வது இதுதான். சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும். அப்படியென்றால் வீடும் இருக்கும், பேசவும் விடுவார்கள். இவர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டுவிடுங்கள் என்று நான் சொல்லலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்திர எழுத்தர், தருமபுரி

அம்மா, இருபது வருடமாக இந்த மாதிரி பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சட்டத்திலும் அப்படியேதான் இருக்கிறது. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்று வித்தியாசமே கிடையாது. கேரளாவில் திருவிதாங்கூர் பகுதியில் 1916-ல் போட்ட தனிச் சட்டம் இருந்தது. அதில் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது.

பங்கு இருக்கிறது என்று தெரிந்து, மனசாரப் போட்ட கையெழுத்து வேறு. என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருகிற பெண்களில் பலர் எதற்குப் போடுகிறோம் என்று கேட்பதில்லை. வாசித்துக் காட்டும்போதும் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

வேத மாணவன்

மூப்பரை நியாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டு விஷயம். செலொப்பியாத்தின் பெண்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால்தான் பங்கு வந்தது. அதை வைத்து அண்ணன் உள்ள வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவர்கள் கேட்டால் என்ன பதில்? இரண்டாவது, தீர்க்கதரிசி நாத்தான் தாவீதைக் கண்டித்தபோது ஆட்டுக்குட்டிக் கதையோடு நேரே ராஜாவிடம் போனார். ஜனங்களைக் கூட்டி வைத்துச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் தேவைதானா?

ஓய்வுபெற்ற உபதேசியார்

முதல் கேள்விக்கு யோபு 42:15 பதில். எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்ற மூன்று பெண்களுக்கும் ஏழு அண்ணன் தம்பிமார் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலேயே அப்பா யோபு பங்கு கொடுத்தார். இதையும் சேர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளே, உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. எனக்கு எழுபத்தாறு வயது. ஒரு ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சாதி, இந்தப் பக்கம் ஒரு சாதி. உயிர்த்தெழும் நாளில் சுவர் ஏறிக் குதித்து வருவீர்களா என்று கேட்டேன். அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகள், அரிசி அவர்கள் கொடுப்பது. கேட்டேன். அதற்கப்புறம் நான்கு வருடம் அங்கேயே இருந்தேன். நல்ல மரியாதை, தீபாவளிக்குக்கூட வேட்டி வரும். ஆனால் நான் பேசினால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுதிக் காட்டிவிட்டுப் பேசினேன், தலையாட்டிக் கேட்டார்கள். ஆகாப் ராஜாவிடம் தீர்க்கதரிசிகள் 400 பேர் சேர்ந்து, யுத்தத்துக்குப் போ, ஜெயிப்பாய் என்றார்களே, நான் 401-ஆவது ஆள். ராஜாவுக்குப் பிடிக்காததையும் சொல்கிற தீர்க்கதரிசி மிகாயாவைக் கூப்பிடப் போனவன், நீயும் அவர்களைப் போலவே நல்லதாகச் சொல்லிவிடு என்று வழியிலேயே கெஞ்சினான். அவனும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பான். அந்த நாளில் என் மனைவி என்னிடம் சொன்னதும் அதுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிசிப் பானையைப் பார்த்தவள் அவள்.

தீர்க்கதரிசி எரேமியாவைச் சேற்றுத் துரவில், அதாவது சேறு நிறைந்த குழியில், இறக்கிவிட்டபோது எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன் முப்பது பேரோடு வந்து தூக்கினான். வெறும் கயிற்றைப் போடவில்லை. கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளப் பழம்புடவைகளையும் சேர்த்துக் கொடுத்தான். உன் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை என்கிறாய். களி கிண்டிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார். மன்னிப்புக் கேள் என்றும் சொல்லாதே, கேட்காதே என்றும் சொல்லாதே.

தையல்காரி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் வாசலில் உட்கார்ந்து இவரிடம் கேட்டேன். அந்தக் கடைசி வார்த்தையை யாரை நினைத்துச் சொன்னீர்கள்?

"உன்னை" என்றார்.

2011-ல் என் அண்ணன்கள் கூப்பிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பட்டுப்புடவையும் பத்தாயிரமும் கொடுத்தார்கள். இவரிடம் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுததைச் சொல்லவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

வேத மாணவன் தம்பி கேட்டதையும் பேசினோம். செய்திக்கு மன்னிப்பு இல்லை. எழுதிக் காட்டவும் போவதில்லை. ஆனால் மூப்பரின் தங்கை, பாவம், யாரும் தனக்காகப் பேச வேண்டும் என்று கேட்டவர் இல்லை. அத்தனை பேர் தலையும் அன்றைக்கு அவர் பக்கம் திரும்பியது. இன்று காலையில் இவர் அவர் வீட்டுக்கே போய், உங்களைக் கூட்டத்தில் கூசவைத்துவிட்டேன் அக்கா, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, மோர் கொடுத்தாராம்.

பாலக்கோடு பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 3,500. ஆடியில் வீடு மாறக்கூடாது என்று என் அம்மா போனில் அழுகிறார். நாள் பார்க்க எங்களுக்கு வசதி இல்லை. தையல் மெஷினும் கட்டிலும் ஏற்றக் குட்டி யானை சொல்லியாயிற்று. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது பிளவுஸ், பாவாடை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். லைனிங் பிளவுஸும் தைப்பேன்.