பாராட்டு வராவிட்டால் மனசு வாடுகிறது, தாழ்மையை எப்படிப் பழகுவது?

புதியவன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் ஆராதனைக் குழுவில் பாடுகிறேன். பாடி முடித்ததும் யாராவது வந்து "இன்றைக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருந்தது பிரதர்" என்று சொல்ல மாட்டார்களா என்று மனசு காத்துக்கொண்டே இருக்கிறது. சொன்னால் "கர்த்தருக்கே மகிமை" என்று வாய் சொல்கிறது, ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகிறது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் ராத்திரி வரைக்கும் அதே நினைப்பு. தாழ்மைக்காக ஜெபித்தால், "பரவாயில்லை, முன்னைவிடத் தாழ்மையாகிவிட்டேன்" என்று அதிலும் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடுவதையே விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாள்:
விட்டுவிடாதீர்கள் தம்பி. விட்டாலும் "தாழ்மைக்காக விட்டுக்கொடுத்தேன்" என்று அது கூடவே வரும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கிற எட்டு எண்ணங்களை எழுதிவைத்தபோது பெருந்தீனியில் ஆரம்பித்துக் கடைசி இரண்டாக வீண்புகழையும் பெருமையையும் வைத்தார். கூட்டத்தை விட்டு ஓடிப்போய்த் தனியாக ஜெபித்தவர்களையே அது விடவில்லை, நம்மை விடுமா?

எனக்கு உதவுகிற வசனம் 1 கொரிந்தியர் 4:7. "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" குரல் கொடுத்தது யார், பாடக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தால் பெருமைப்பட நமக்கென்று மிச்சம் ஒன்றும் இருக்காது. யாராவது பாராட்டினால் "நன்றி" என்று சொல்லுங்கள், போதும். அதற்கு மேல் அதை மறுத்து மறுத்துப் பேசுவதும் நம்மைப் பற்றிய பேச்சுதான். அப்புறம் அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

யோர்தான் கரை:
அக்கா சொன்னது சரி. ஆனால் பாராட்டைவிடத் திருத்தம் வரும்போதுதான் பெருமை நன்றாக வெளியே தெரியும் என்று நினைக்கிறேன். வேதாகமத்தில் இரண்டு பேரைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமானுக்கு எலிசா தீர்க்கதரிசி நேரில் வராமல் ஆளனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொன்னதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தமஸ்குவின் நதிகள் நல்லதல்லவா என்று திரும்பிப் போகிறான். ஆனால் வேலைக்காரர்கள் கிட்ட வந்து பேசியபோது கேட்டான். குஷ்டம் நீங்கியது (2 இராஜாக்கள் 5).

உசியா ராஜா 52 வருஷம் ஆண்டவன், பலப்பட்டதும் மனம் மேட்டிமையாகி ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய வேலையாகிய தூபங்காட்ட ஆலயத்துக்குள் போனான். ஆசாரியனாகிய அசரியாவும் கூட 80 ஆசாரியர்களும் தடுத்தார்கள். தூபகலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கோபப்பட்டான், அங்கேயே நெற்றியில் குஷ்டம் தோன்றிற்று (2 நாளாகமம் 26). ஒருவன் கேட்டதால் குஷ்டம் போனது, ஒருவன் கேட்காததால் வந்தது. இருவருக்கும் கோபம் வந்தது என்பதைக் கவனியுங்கள். அதனால் குழுவில் உங்களைவிடச் சின்னவர் யாராவது "அண்ணா, அந்த இடத்தில் சுருதி விலகுது" என்று சொன்னால், கோபம் வந்தாலும் பரவாயில்லை, நின்று கேளுங்கள்.

புதியவன்:
நன்றி அக்கா, நன்றி பிரதர். சுருதி விஷயம் நெஞ்சில் தைத்தது. ஒரு சந்தேகம், திருத்துகிறவர் சொல்வது தப்பாக இருந்தாலும் தலையாட்டிக்கொண்டு போவதுதான் தாழ்மையா?

யோர்தான் கரை:
இல்லை பிரதர். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு பேசாமல் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பித் திட்டவும் இல்லை, பொய்யை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மார்த்தாள்:
ஆமாம். அதே யோவான் சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள் தம்பி. பிதா எல்லாவற்றையும் தமது கையில் கொடுத்தார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்குப் போகிறவர் என்று அறிந்தவராகத்தான் இயேசு எழுந்து சீலையைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவினார். தாம் யார் என்று தெரிந்தவருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாடப் போகும் முன் அந்த மூன்றாம் வசனத்தை மட்டும் வைத்து ஜெபியுங்கள், "தாழ்மையைத் தாரும்" என்று கேட்பதைவிட "நான் உம்முடைய பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள். நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.