மறு: சைட்டோகைனுக்குத் தமிழ்ச்சொல் (கண் குருதிக்குழல் கட்டுரைக்காக)

> ‘அழற்சியூக்கி’ என்று வைத்துவிடலாமே? பொதுவாசகருக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். சைட்டோகைன் என்பது செல்கள் சுரந்து மற்ற செல்களுக்குச் சேதி சொல்லும் சிறு புரதம்; இன்டர்லூக்கின், டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் எல்லாம் அந்த வகைதான். இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா இரண்டும் விழித்திரைச் செல்களைத் தூண்டி விஇஜிஎஃப் எனும் குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. குழலின் உட்சுவர்ச் செல்களைப் பெருக வைப்பதும், குழலைக் கசிய விடுவதும் அந்த விஇஜிஎஃப்தான். இதுவரை ‘ஊக்கி’ பொருந்துகிறது. இன்டர்லூக்கின்-12 வந்ததும் இடிக்கிறது. அது அழற்சியைக் கிளப்பும் வகை. ஆனால் இன்டர்ஃபெரான் காமா வழியாகக் குழல் வளர்ச்சியைத் தடுக்கிறது. இன்டர்லூக்கின்-10 இதற்கு நேர்மாறு. அழற்சியை அடக்குவதில் பேர்போனது. எலியின் கண்ணுக்குள் லேசரால் புண்ணாக்கிப் பார்த்த ஆய்வுகளிலோ, அது பெருவிழுங்கிச் செல்களின் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின்) போக்கை மாற்றி, குழல் வளர வழிவிட்டது. அந்தப் புரதமே இல்லாத எலிகளில் குழல்கள் குறைவாகத்தான் வளர்ந்தன. ஆக, அழற்சி ஒரு கணக்கு, குழல் வேறு கணக்கு.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. இன்டர்லூக்கின்-8, ஐபி-10 இரண்டும் கீமோகைன்கள் (வெள்ளணுக்களை ஈர்க்கும் சைட்டோகைன்கள்), வடிவத்திலும் நெருங்கியவை. முதலாவது குழலை வளர்க்கிறது, இரண்டாவது தடுக்கிறது. புரதச் சங்கிலியில் சிஸ்டீன் எனும் அமினோ அமிலம் முதலில் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் குளுட்டாமிக் அமிலம், லியூசின், ஆர்ஜினின் மூன்றும் வரிசையாக நின்றால் பெரும்பாலும் வளர்க்கும் கட்சி. நிற்காவிட்டால் பெரும்பாலும் தடுக்கும் கட்சி. மூன்றே அமினோ அமிலங்கள்!

> அப்படியானால் ‘வெள்ளணுத்தூது’?

அதில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. 1969-இல் இவற்றை, லிம்ஃபோசைட் எனும் வெள்ளணு சுரப்பவை என்ற பொருளில், லிம்ஃபோகைன் என்றுதான் அழைத்தார்கள். மற்ற செல்களும் சுரப்பது தெரிந்த பிறகு, 1974-இல் சைட்டோகைன் என்ற பொதுப்பெயர் வந்தது. கண்ணிலும் அப்படித்தான்: விழித்திரையின் நிறமிச் செல்களும் அதைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்களும்கூட இவற்றைச் சுரக்கின்றன. ‘தூது’ ஏற்கெனவே செல்லுக்குள் இயங்கும் இரண்டாம் தூதருக்குப் போய்விட்டது, அதையும் விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை: ஏவற்புரதம். ஏவல் என்றால் ‘செய்’ மட்டுமில்லை; ‘செய்யாதே’ என்பதும் எதிர்மறை ஏவல் என்று பள்ளி இலக்கணத்திலேயே படித்திருக்கிறோம். வளர்ப்பதும் தடுப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், கட்டுரையில் ‘புதுக்குழல் வளர்ச்சி’ என்று வருகிறது. நோயாளி படித்தால் நல்ல சேதி என்று நினைத்துக்கொள்வார். நீரிழிவு விழித்திரை நோயில் இந்தக் குழல்கள் விழித்திரையின் மேற்பரப்பிலிருந்து, கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் விழிக்கூழ்மத்துக்குள் நீளும். ஈர வகை மாக்குலாச் (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவில் விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு எனும் குருதிக்குழல் படலத்திலிருந்து கிளம்பி, இடையிலுள்ள புரூக் சவ்வைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். இரண்டிலும் சுவர் பலவீனம், கசியும், உடையும். புண் ஆறும்போது முளைக்கிற நல்ல குழலையும் இதையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது. இதற்குப் ‘பிறழ்குழல்’ போதும்.

---

> என் பரிந்துரை: ஏவற்புரதம்.

ஏவல் என்றதும் பலருக்குப் பில்லி சூனியம்தானே ஞாபகம் வரும்? கண் மருத்துவக் கட்டுரையில் அது தேவையா? ‘சமிக்ஞைப் புரதம்’ என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

---

அம்மா, சூனியம் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான், சிரித்துவிட்டேன். ஆனால் ‘புரதம்’ பக்கத்தில் நின்றால் அந்த வாடை தங்காது. சமிக்ஞைப் புரதம் மிகப் பெரிய பை. இன்சுலினும் அதில் விழும், செல்லுக்குள் சேதி கடத்தும் நூற்றுக்கணக்கான புரதங்களும் விழும். அங்கே சைட்டோகைனைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது.

பெயர் சிகிச்சையைப் பற்றி வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதும் எனக்கு முக்கியம். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஆய்வுக்கூடத்தில் குழலைத் தடுத்தது. மாக்குலாச் சிதைவு நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது பலன் இல்லை என்று 1997-இல் முடிவு வந்தது. அதற்கு ‘குழல்தடுப்பி’ என்று அப்போதே பெயர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசியில் வேலை செய்தது விஇஜிஎஃப்பைப் பிடித்துவைக்கும் மருந்துகள்தான். அவற்றில் ஒன்றான ரானிபிசுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான் போன்ற தனிப்பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்து விடலாம். குடும்பப்பெயர் மட்டும் ஏவற்புரதம். முதல் முறை வரும் இடத்தில் ‘சைட்டோகைன் எனும் ஏவற்புரதம்’ என்று எழுதுவோம். வேறு மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள். கீமோகைனுக்கு என்ன செய்வது என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.