ஏசி குளிரல, உள்ளே தண்ணீர் சொட்டுது: கேஸ் ஃபில் பண்ணணுமா, சர்வீஸ் பண்ணினா போதுமா?

மன்னார்குடி மாடிவீடு

வணக்கம். 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்-32 கேஸ், நாலு வருஷமா மாடி ரூம்ல ஓடுது. சம்பா அறுவடை முடிஞ்சதிலிருந்து கூலிங் கொறைஞ்சுகிட்டே வருது. முன்னாடி அரைமணி நேரத்துல குளிர்ந்த ரூம் இப்ப ஒன்றரை மணி நேரம் ஆகியும் புழுங்குது. காத்து வேகமும் கம்மி. இன்டோர் யூனிட்டோட இடது ஓரத்துல தண்ணீர் சொட்டுது, ஆஃப் பண்ணின பிறகு இன்னும் அதிகமா கொட்டுது. ஆன் பண்ணினதும் காயாத துணி வாடை. போன்ல விசாரிச்ச மெக்கானிக், "கேஸ் போயிருக்கும், ஃபில் பண்ணிடலாம்"ங்கிறார். ஃபில்டரை மாசாமாசம் கழுவுறோம். வீட்டுக்குப் பின்னாடி வயல். எதை வெச்சு முடிவு பண்றது?

தஞ்சை ஏசி மெக்கானிக்

சார், நேர்ல பார்க்காம கேஸ் ஃபில்லிங்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற பொருள் இல்ல. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கும். கொறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். நீங்க சொன்னதுல எனக்கு முக்கியமாப் படுறது "காத்து வேகம் கம்மி"ங்கிறதுதான். கேஸ் கொறைஞ்சா வர்ற காத்து குளிராது, ஆனா தொடக்கத்துல காத்தோட வேகம் அப்படியே இருக்கும். வேகமே கொறைஞ்சா காத்து போற வழியில அடைப்பு.

மூணு விஷயம் பார்த்துட்டு எழுதுங்க.

முதல்ல ரெண்டு ஃபில்டரையும் கழட்டிட்டு ஃபேன் மோடுல ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க. ஃபில்டர் இல்லாமலும் காத்து மந்தமாவே வந்தா அடைப்பு அதுக்குப் பின்னாடி, காயில்லயோ (காத்தைக் குளிர வைக்கிற குழாய்-தகடு அடுக்கு) ப்ளோயர்லயோ இருக்கு. டார்ச் அடிச்சு, காத்து வெளிய வர்ற வாய் வழியா உள்ளே பாருங்க. உருளை மாதிரி நீளமா இருக்கிறதுதான் ப்ளோயர். அதோட இதழ்கள் உட்பக்கமா வளைஞ்சு குழிவா தெரியணும். அந்தக் குழியில அழுக்கு நிறைஞ்சு தட்டையாயிட்டா, எத்தனை வேகமா சுத்தினாலும் காத்தை அள்ளாது. பார்க்கிறதுக்கு முன்னாடி எம்சிபி-யை (ஏசி லைனோட மெயின் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணிடுங்க, விரலை உள்ளே விடாதீங்க.

அடுத்தது வெப்பநிலை. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். கதவு ஜன்னலைச் சாத்திட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டி, 18-ல வெச்சு, ஃபேன் ஃபுல் வேகத்துல 15 நிமிஷம் ஓட்டுங்க. மேல காத்து உள்ளே போற இடத்துலயும் கீழே வெளிய வர்ற இடத்துலயும் அளந்து கழிச்சுப் பாருங்க. 8-லேருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா மெஷின் வேலை செய்யுது. இன்வெர்ட்டரை 26-ல வெச்சு அளந்தா கணக்கு தப்பும். ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரஸர் தானே வேகத்தைக் கொறைச்சுக்கும், வித்தியாசமும் சுருங்கிடும். மழை நாள்லயும் ஒண்ணு ரெண்டு டிகிரி கொறையும், காத்துல இருக்கிற ஈரத்தைத் தண்ணியாக்கவே பாதி சக்தி போயிடும்.

மூணாவது, அரைமணி நேரம் ஓடின பிறகு அவுட்டோர்ல ரெண்டு குழாய் இணையுற இடத்துல ஐஸ் எங்க பிடிச்சிருக்குன்னு பாருங்க.

சின்னக் குழாய் வால்வுல மட்டும் வெள்ளையா ஐஸ், பெரிய குழாய் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு: கேஸ் கொறைவு.
பெரிய குழாயும் ஐஸ் பிடிச்சு, உள்ளே காயில் முழுக்க ஐஸ்: காத்து பத்தல.
ரெண்டும் ஜில்லுன்னு வேர்த்திருக்கு: சரியா இருக்கு. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு வேர்க்கிறது இயல்பு.

திருவாரூர் எலக்ட்ரீஷியன்

இதோட வோல்டேஜையும் பார்த்துடுங்க. வயல் பக்கம் ஒரே டிரான்ஸ்பார்மர்ல பம்புசெட்டும் வீடும் இருந்தா, மோட்டார் ஓடுற நேரத்துல 230 இருக்க வேண்டியது 180-க்குக் கீழே கூட இறங்கிடலாம். அப்ப இன்வெர்ட்டர் ஏசி பெரும்பாலும் உடனே ஆஃப் ஆகாது. தன்னைக் காப்பாத்திக்க கம்ப்ரஸர் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியுறது கூலிங் இல்லைங்கிறது மட்டும்தான். பகல்ல மோசமா இருந்து நடுராத்திரி நல்லா குளிர்ந்தா வெயிலோட இதையும் சந்தேகப்படணும்.

ஏசி ஃபுல்லா ஓடும்போது மல்டிமீட்டர்ல அளக்கணும், ஓடாதப்ப மட்டும் அளந்தா பிரயோஜனமில்ல. ஆன் பண்ணினதும் 10 வோல்ட்டுக்கு மேல சட்டுனு விழுந்தா மீட்டர்லேருந்து ப்ளக் வரைக்கும் எங்கேயோ லூஸ் ஜாயின்ட் அல்லது மெல்லிசு வயர். 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ. காப்பர் வயர் போட்டா நிம்மதி. ஒரு மணி நேரம் ஓடின பிறகு எம்சிபி-யை ஆஃப் பண்ணிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்க. சுட்டாலோ பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருந்தாலோ சாக்கெட்டை மாத்தாம ஓட்டாதீங்க.

மன்னார்குடி மாடிவீடு

பார்த்தாச்சு அண்ணே. ஃபில்டர் இல்லாமலும் காத்து மந்தம்தான். ப்ளோயர் இதழ்ல கறுப்பா படிஞ்சு குழியே தெரியல. மேல 31, கீழே 25. பெரிய குழாய்ல ஐஸ், உள்ளே காயில்லயும் வெள்ளையா இருக்கு. வோல்டேஜ் 224, ஆன் பண்ணினா 221. ஃபில்டரைக் கழுவிக்கிட்டே இருந்தும் உள்ளே எப்படி இவ்ளோ அழுக்கு?

தஞ்சை ஏசி மெக்கானிக்

அப்ப கேஸ்ல கைவைக்க வேண்டாம் சார், காத்து அடைப்புதான். ஃபில்டர் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், நெல் சுணையையும் வைக்கோல் தூளையும் முழுசாப் பிடிக்காது. அறுவடை மெஷின் ஓடுற நாள்ல அந்தச் சுணை உள்ளே போய் ஈரமான காயில்ல ஒட்டும். அதுமேல தூசு, அதுமேல பூஞ்சை. வாடைக்குக் காரணம் அதுதான். டெல்டாவுல வயல் ஓரத்து வீடுகளுக்குத் தை, மாசி அறுவடை ஓய்ஞ்சதும் பங்குனி வெயில் ஏறுறதுக்குள்ளே ஒரு சர்வீஸ், குறுவை அறுப்பு முடிஞ்சு ஒரு சர்வீஸ் வேணும். மெஷின் ஓடுற வாரத்துல ஃபில்டரை மாசம் ஒரு தடவை கழுவினா பத்தாது, வாரா வாரம் கழுவுங்க.

ஆஃப் பண்ணின பிறகு அதிகமா கொட்டுறது காயில் ஐஸ் உருகுற தண்ணி. ஓடும்போதே சொட்டுறது ட்ரெயின் (தண்ணி வெளிய போற பைப்) அடைப்பு. உங்களுக்கு ரெண்டும் இருக்கு. இப்போதைக்கு கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடுல ரெண்டு மணி நேரம் ஓட்டி ஐஸை உருக விடுங்க. ஸ்க்ரூடிரைவரால சுரண்டாதீங்க. ஃபின்ஸுக்கு (காயில்ல இருக்கிற மெல்லிசு தகடுகள்) பின்னாடியே காப்பர் குழாய், ஒரு கீறல்ல கேஸ் மொத்தமும் போயிடும்.

ட்ரெயினுக்கு: பைப்போட வெளிமுனை சேத்துலயோ பக்கெட் தண்ணிக்குள்ளேயோ முங்கியிருந்தா தூக்கி விடுங்க. நுனியில குளவி மண் வெச்சு அடைச்சிருக்கும், அதையும் பாருங்க. அடைப்பை வெளிப்பக்கத்திலேருந்து வாக்குவம் வெச்சு இழுக்கணும். ஊதினா பாசி ட்ரேக்கே (காயிலுக்குக் கீழே தண்ணி விழுற தட்டு) திரும்பிடும். பிறகு ட்ரேயில ஒரு லிட்டர் தண்ணியை மெதுவா ஊத்தினா தங்காம வெளிய வரணும். பைப் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரியணும், நடுவுல தொங்கி வளையக்கூடாது. புழுக்கமான நாள்ல 1.5 டன் மெஷின் மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் தண்ணி விடும். அதனால அந்த மாதிரி நாள்ல வெளிய சொட்டு நின்னுபோச்சுன்னாலே ஏதோ கோளாறுன்னு எடுத்துக்குங்க.

நாகூர் கடலோரம்

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கு வருஷா வருஷம் கேஸ் போடுறாங்க, ஆறு மாசத்துல திரும்பப் போயிடுது. அவுட்டோர் பின்பக்கத் தகடு தொட்டாலே உதிருது.

தஞ்சை ஏசி மெக்கானிக்

உப்புக்காத்து அக்கா. காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்துல உப்பு ஈரம் தங்கினா அலுமினியம் முதல்ல அரிச்சுப் பொடியாகும். குழாய் பச்சை பிடிச்சு யு-வளைவுல ஊசித்துளை விழும். லீக்கை அடைக்காம போட்ட கேஸ் நிக்காது. குழாய்ல எண்ணெய்க் கறை எங்க இருக்குன்னு பாருங்க, கேஸோட எண்ணெயும் கசியும். அங்க சோப்பு நுரை வெச்சா குமிழ் விடும். தகடு உதிர்ற நிலைக்கு வந்திருந்தா ஓட்டைக்கு ஓட்டை பற்றவைக்கிறது வீண் செலவு, கண்டென்ஸரையே (அவுட்டோர்ல இருக்கிற காயில்) மாத்தணும். புதுசு போட்டதும் மாசம் ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணியால கழுவுங்க. போர் தண்ணி உவர்ப்பா இருந்தா அது வேண்டாம், உப்பு மேல உப்பு சேரும்.

கேஸ் போடுறதா இருந்தா முறை இதுதான்: லீக்கை அடைச்சு, நைட்ரஜன் ஏத்தி, பிரஷர் கேஜ் முள் இறங்காம நிக்குதான்னு பார்த்து, வாக்குவம் பம்ப் குறைஞ்சது அரைமணி நேரம் ஓட்டி, அவுட்டோர் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கோ அதைத் தராசுல எடை போட்டு ஏத்தணும். இன்வெர்ட்டர்ல கம்ப்ரஸர் வேகத்துக்குத் தக்கபடி பிரஷர் மாறும், கேஜை மட்டும் பார்த்து ஏத்தினா அளவு தப்பும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். உள்ளே கேஸ் இருக்கும்போது பற்றவைக்க விடவே கூடாது.

மன்னார்குடி மாடிவீடு

நாளைக்கு ஆள் வர்றார். அவர்கிட்ட என்னென்ன கேட்டு வாங்கணும்?

தஞ்சை ஏசி மெக்கானிக்

ஃபில்டரைக் கழுவி முன்பக்கம் தண்ணி அடிக்கிற மேலோட்ட சர்வீஸ் உங்களுக்கு உதவாது. ட்ரேயையும் ப்ளோயரையும் கழட்டிச் சுத்தம் பண்ணணும்னு போன்லயே சொல்லிடுங்க, கூலி கூடினாலும் பரவாயில்ல. ஆசிட் வேண்டாம், பாத்ரூம் கழுவுற திரவமும் வேண்டாம். அலுமினியத்தைத் தின்னுடும். காயிலுக்குன்னு விக்கிற க்ளீனர் போதும். சர்க்யூட் போர்டு இருக்கிற பக்கத்தைப் (பெரும்பாலும் வலது பக்கம்) பிளாஸ்டிக் கவரால மூடின பிறகுதான் தண்ணி அடிக்கணும். அவுட்டோர்ல தண்ணியை உள்ளிருந்து வெளியே அடிக்கணும், வெளியிருந்து அடிச்சா சுணை நடுவுல போய் இறுகும். தகடுக்கு நேரா அடிக்கணும், சாய்ச்சு அடிச்சா மடங்கிடும். அவுட்டோர் போர்டுல பல்லி, எறும்பு இருக்கான்னும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க.

வேலை முடிஞ்சு அவர் கிளம்புறதுக்கு முன்னாடி அதே 18, ஃபுல் ஃபேன், 15 நிமிஷம். வித்தியாசம் 10-க்குப் பக்கத்துல வந்திருக்கணும். பெரிய குழாய் ஐஸ் இல்லாம வேர்த்திருக்கணும். காத்து நல்லா வந்தும் 6 டிகிரியிலேயே நின்னா, அப்பதான் கேஜ் மாட்டி கேஸைப் பார்க்கணும். அளவை இங்க எழுதுங்க சார், அடுத்து என்னன்னு பார்ப்போம்.