நாற்சார் வீட்டுப் பின்னறைக்கு வைஃபை போகுதில்லை, எக்ஸ்டெண்டர் வாங்கலாமோ?

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மாவின்ரை பழைய நாற்சார் வீட்டிலை இருந்துதான் இப்ப வேலை செய்யிறன். 4ஜி றவுட்டர் முன் விறாந்தையிலை, சாமியறைச் சுவரோடை இருக்கு. என்ரை அறை முற்றத்துக்கு அங்காலை, குசினியை ஒட்டினது. சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, நல்ல மொத்தம். றவுட்டருக்குப் பக்கத்திலை போனிலை கோடு முழுக்கக் காட்டும், ஆனால் பின்னேரமானால் அங்கையும் இழுபடும். அறைக்குள்ளை ஒரு கோடுதான். ஸூம் கூட்டத்திலை பாதிக் கதை காதிலை விழாது.

இன்னொண்டு. அக்கா கனடாவிலை இருந்து அனுப்பின புளூரூத் ஹெட்செற், பாட்டுக்கு அந்தமாதிரி. கூட்டம் தொடங்கினால் தகரப் பேணிக்குள்ளை நிண்டு கதைக்கிற சத்தம். அம்மம்மா மைக்ரோவேவைப் போட்டால் விக்கவும் தொடங்கும். பத்தாயிரத்துக்குள்ளை என்ன வாங்கலாம்?

சுதுமலைப் பொடியன்:
வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புற எக்ஸ்டெண்டர் ஒண்டு வாங்கிக் கொழுவுங்கோ புரோ. எங்கடை வீட்டிலை மேல்மாடி வரைக்கும் வடிவாய் வேலை செய்யுது.

பழைய சோல்டர்:
தம்பி கோண்டாவில், இப்போதைக்கு ஒண்டும் வாங்காதேங்கோ. சுதுமலைத் தம்பியின்ரை வீடு புளொக் கல்லுச் சுவராய் இருக்கும், உங்கடை வீடு வேறை. நாற்சார் வீட்டிலை ஒரு அறையாலை மற்ற அறைக்குப் போறதுக்குள்ளை வைஃபையின்ரை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை செத்துப்போகும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை கொஞ்சம் கூடத் தாங்கும். மலிவு எக்ஸ்டெண்டர் ஒரே றேடியோவாலைதான் வாங்கியும் குடுக்கும், வேகம் பாதிக்குப் பாதி போயிடும். அதைவிட, ஒரு கோடு வாற அறையிலை அதைக் கொழுவினால் அந்த ஒரு கோட்டைத்தான் அது திருப்பிக் குடுக்கும்.

உங்களுக்கு இருக்கிறது இரண்டு வருத்தம். போன் கம்பனிக் கோபுரத்திலை இருந்து றவுட்டருக்கு வாறது ஒண்டு, றவுட்டரிலை இருந்து அறைக்கு வாறது மற்றது. போனிலை தெரியிற கோடு இரண்டாவதை மட்டும்தான் சொல்லும். பக்கத்திலை நிண்டும் இழுபடுது எண்டால் முதலாவதைப் பாருங்கோ. போன் பிரவுசரிலை றவுட்டரின்ரை செற்றிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் (கனக்க றவுட்டரிலை முகவரி 192.168.8.1 அல்லது 192.168.1.1, அடியிலை ஒட்டியிருக்கும்) ஆர்எஸ்ஆர்பி எண்டு, கோபுரச் சிக்னலின்ரை பலத்தைச் சொல்லுற ஒரு கழித்தல் எண் இருக்கும். -90 எண்டால் சந்தோசம், -110 இலும் கீழை போனால் கரைச்சல். றவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சன்னலாய்ப் போய் அந்த எண்ணைப் பாருங்கோ. சாமியறைச் சுவர் அதுக்கு இடமில்லை. மேசையிலை வைக்காமல் சன்னலுக்கு மேலை, உயரத்திலை வையுங்கோ. பின்னேரத்து இழுவை முழுக்கப் போகாது, அந்த நேரம் ஊரே ஒரு கோபுரத்திலை தொங்குது. ஆனால் சிக்னல் நல்லாய் இருந்தால் குறைஞ்ச பங்கும் ஒழுங்காய் வரும்.

அறைக்கு நான் சொல்லுறது கேபிள். கட் 5ஈ எண்ட நெற்வேக் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் செக்கனுக்கு ஒரு கிகாபிற் கொண்டு போகும், உங்கடை முற்றம் என்ன பெரிய முற்றமே. தாழ்வாரத்துக்குக் கீழாலை, வளையோடை கட்டி இழுங்கோ. திறந்த முற்றத்துக்கு மேலாலை விடாதேங்கோ, ஐப்பசி மின்னலுக்குப் பேந்து இரண்டு பக்கமும் சாமான் போகும். அங்காலை நுனியிலை, வீட்டிலை கிடக்கிற பழைய றவுட்டர் ஒண்டைக் கொழுவுங்கோ. அதிலை டிஎச்சிபியை (மற்றச் சாமானுகளுக்கு ஐபி முகவரி குடுக்கிற வேலை) நிப்பாட்டி, அதின்ரை ஐபி எண்ணை முதல் றவுட்டரின்ரை எண்ணோடை முட்டாமல் மாத்தி, கேபிளை வான் (WAN, இணையம் வாற) ஓட்டைக்குள்ளை குத்தாமல் லான் (LAN, வீட்டுச் சாமான் கொழுவிற) ஓட்டைக்குள்ளை குத்தினால் சரி. வைஃபை பேரும் கடவுச்சொல்லும் இரண்டிலையும் ஒண்டாய்க் குடுங்கோ. சனல் (அலைவரிசைக்குள்ளை இருக்கிற பாதை எண்) மட்டும் வேறை வேறை: 2.4 இலை ஒண்டுக்கு 1, மற்றதுக்கு 11.

ரவுணிலை கேபிள் வாங்கேக்கை நுனியைச் சுரண்டிப் பாருங்கோ. மேலை செம்பு நிறமாய் இருந்து உள்ளுக்கு வெள்ளையாய் மினுங்கினால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. இரண்டு தரம் மடிச்சால் முறியும். வேண்டாம்.

ஹெட்செற்றிலை பழுது ஒண்டும் இல்லை. மைக் வேலை செய்யத் தொடங்கினவுடனை புளூரூத் பாட்டு முறையை விட்டிட்டு ரெலிபோன் முறைக்கு மாறும், அதுதான் பேணிச் சத்தம். ஸூமிலை மைக்குக்கு லப்ரொப்பின்ரை மைக்கைத் தெரிவு செய்யுங்கோ, ஹெட்செற் கேக்க மட்டும். மைக்ரோவேவ் வேலை செய்யிறது 2.45 கிகாஹேர்ட்ஸிலை, புளூரூத்தும் அந்த வளவுக்குள்ளைதான். அறை வைஃபையை 5 இலை விட்டால் புளூரூத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். லப்ரொப்பிலை யூஎஸ்பி 3 டிஸ்க் கொழுவியிருக்கோ? அதுவும் 2.4 இலை இரைச்சல் போடும். இன்ரெல் 2012 இலை இதைப் பற்றி எழுதியே விட்டவை.

வேலணைக் காத்து:
சோல்டர் அண்ணை சொன்னதோடை ஒண்டு. தீவுப் பக்கம், கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் சன்னல் உயரத்திலை வைச்சால் உப்புக் காத்தையும் யோசியுங்கோ. எங்கடை றவுட்டரின்ரை சார்ஜ் ஊசி பச்சை பிடிச்சு, கரண்ட் வந்து வந்து போகும். சன்னலுக்கு உள்பக்கமாய் வைச்சு, கொழுவாத ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போட்டாப் பிறகு கரைச்சல் இல்லை.

கோண்டாவிலான்:
பார்த்தன் அண்ணை. சாமியறைச் சுவரிலை -112. கிழக்குச் சன்னலுக்கு மேலை -97. பின்னேரமும் இப்ப படம் நிக்காமல் ஓடுது. மைக்கை மாத்தினவுடனை பேணிச் சத்தமும் போயிட்டுது, அக்காவுக்குச் சொல்லவேணும், அவ திருப்பி அனுப்பச் சொல்லிக்கொண்டு நிண்டவ. டிஸ்க் கொழுவித்தான் இருந்தது, கழட்டிவிட்டன். இனிக் கேபிள்தான். வளையிலை அணில் ஓடித் திரியுது, கடிக்காதோ?

பழைய சோல்டர்:
கடிக்கும். பிவிசி குழாய்க்குள்ளாலை விடுங்கோ, அரை அங்குலம் காணும். கேபிள் நுனியிலை வாற கிளிப்பை (றவுட்டருக்குள்ளை குத்துற பிளாஸ்ரிக் முனை) முதலே அடிச்சால் குழாய்க்குள்ளை போகாது, கேபிளை இழுத்து முடிச்சாப் பிறகு நுனியை அடியுங்கோ.